கூட்டத்துக்கு வழி, தனியாளுக்குக் கேள்வி: கடலூர், புதுச்சேரிப் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 26, வெள்ளி: கடலூர்

கீழ்ப்படுக்கைக்குப் பயணச்சீட்டு வைத்திருந்தும் கடலூர் வரை பக்கவாட்டு மேல்படுக்கையில்தான் படுத்து வந்தேன். நேற்று இரவு திருநெல்வேலியில் ஏறியபோது, ஊரில் கிறிஸ்துமஸ் கொண்டாடிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய குடும்பம், பாட்டி முதல் கைக்குழந்தை வரை, எங்கள் பகுதியை நிறைத்திருந்தது. பெட்டிகளை அடுக்கி முடித்த கையோடு அந்தக் குடும்பத்துப் பெண் என்னைப் பார்த்து, "நீங்க தனியாத்தான வாரீய, அந்தப் பக்கம் மாறிக்கிடுதீயளா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாறியதும் ஒரு டப்பா நிறைய அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்பினார்கள். ஆனால் அதே பெட்டியில் கீழ்ப்படுக்கைகளோடு இன்னொரு குடும்பமும் இருந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை படுக்கை அதற்குப் பதிவு செய்தவருக்கு உரியது என்று ரயில்வே விதி இருக்கிறது; அந்த விதியைப் பேசினால் பாட்டி மேலே ஏறவேண்டும் என்பதால் யாரும் பேசமாட்டார்கள்.

இந்தப் பயணம் முழுவதும் இதையே வெவ்வேறு இடங்களில் கண்டேன் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பொது இடங்களில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தால் அதன் எல்லையைக் கயிறு கட்டாமலே, பலகை வைக்காமலே எல்லோரும் மதிக்கிறார்கள். ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி எல்லை என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தோன்றுவதில்லை.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது வானம் மூடியிருந்தது. தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. நிலையத்துக்கு அருகில் பொங்கலும் வடையும் அறுபத்தைந்து ரூபாய், பொங்கலில் மிளகு தாராளம். அறையில் பையை வைத்துவிட்டு ஆட்டோவில் தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். வெள்ளிக் கடற்கரை என்று வெளியூர்க்காரர்கள் அறிந்திருக்கும் கடற்கரை அதுதான். விடுமுறைக் காலம் என்பதால் வண்டிகள் நிறைய நின்றன. ஐஸ்கிரீம் வண்டி, பஞ்சுமிட்டாய், குதிரை எல்லாம் காலையிலேயே வந்துவிட்டன. இன்று என்ன நாள் என்பது எனக்குத் தெரியும். 2004-ஆம் ஆண்டு இதே தேதியில் வந்த சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழகத்தில் நாகப்பட்டினம், கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு அடுத்தபடியாக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கரையோரக் குப்பங்களில் இழப்பில்லாத வீடு குறைவு. ஆண்டுதோறும் இந்த நாளில் மீனவர்கள் ஊர்வலமாக வந்து கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

ஊர்வலம் வருவதற்குச் சற்று முன்புவரை அந்தக் கடற்கரை முழுவதும் சுற்றுலா வந்தவர்களின் கையில் இருந்தது. எங்கிருந்தோ வேனில் வந்திருந்த இளைஞர்கள் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக் கால்களை அலையில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் பால்குடத்தோடு பெண்கள் முன்னே வர, பின்னே ஆண்கள் பூக்கூடைகளோடு வந்தார்கள். யாரும் யாரையும் விலகச் சொல்லவில்லை. முதலில் ஐஸ்கிரீம் வண்டிக்காரர் தன் மணியைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். குதிரையை நடத்திக்கொண்டிருந்த பையன் அதைத் திருப்பி மேட்டுக்கு ஓட்டிப்போனான். வேன் இளைஞர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினான். மற்றவர்கள் ஏன் என்று கேட்கக்கூட இல்லை. தண்ணீரில் நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கியதில், ஊர்வலம் வந்து சேர்வதற்குள் கரையிலிருந்து அலைவரை அகலமான ஒரு பாதை உருவாகிவிட்டது. சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். பந்து அந்தப் பாதைக்குள் உருண்டபோது எடுக்க ஓடிய சிறுவனை அவன் தாய் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். பந்து அங்கேயே கிடந்தது. பால் ஊற்றி முடித்துத் திரும்பிய ஒரு பெரியவர்தான் அதைக் காலால் மெல்லத் தள்ளிச் சிறுவனிடம் அனுப்பினார்.

ஓரமாக நின்றிருந்த என்னிடம் ஓர் அம்மாள் வந்து, "எந்தப் பத்திரிகைம்மா?" என்று கேட்டார். பத்திரிகை இல்லை, சும்மா வந்தேன் என்றதும், "யாரும் இல்லாம சும்மாவா?" என்று திரும்பக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். அவர் துக்கத்தின் நடுவே இருந்தவர். அவருக்குக் கேட்க உரிமை உண்டு. அத்தனை சுற்றுலாக் குடும்பங்களை விட்டு என்னிடம் மட்டும் காரணம் கேட்கத் தோன்றியதைத்தான் குறித்துக்கொண்டேன்.

மதியம் ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு, சங்கரா வறுவலோடு இருநூறு ரூபாய். குழம்பு காரம் கூடுதல் என்றாலும் புளி அளவாக இருந்தது. மாலையில் பாடலீசுவரர் கோயில். சமணத்திலிருந்து திரும்பிய நாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது அவர் கரையேறிய ஊர் இது என்பது புராணம். கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரிலேயே ஒரு குப்பம் இன்றும் இருக்கிறது. மார்கழி வெள்ளி என்பதால் தீபாராதனைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. பின்னால் நின்ற பெண்ணின் முகவாய் என் தோளில் படாத குறைதான். அங்கே அது யாருக்கும் உறுத்தவில்லை, எனக்கும் உறுத்தவில்லை. முன்னால் நின்ற உயரமான மனிதர் தாமாகவே குனிந்து, பின்னால் இருந்த குழந்தைக்குச் சன்னிதியைக் காட்டினார்.

டிசம்பர் 27, சனி: புதுச்சேரிக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தனியார் பேருந்து ஒன்று நிலையத்துக்குள் திரும்பி நிற்பதற்குள்ளேயே ஜன்னல் வழியாகத் துண்டுகளும் கைக்குட்டைகளும் ஒரு ஸ்கூல் பையும் உள்ளே விழுந்துவிட்டன. துண்டு போட்ட இடத்துக்கு இருக்கும் மரியாதை வியப்பானது. முண்டியடித்து முதலில் ஏறிய இளைஞன், காலியாகத் தெரிந்த இருக்கையில் கசங்கிய ஒரு கைக்குட்டை கிடப்பதைப் பார்த்ததும் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனான். கைக்குட்டைக்கு உரியவர் கீழே நிதானமாக முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்த இரண்டு பேர் இருக்கையில் என் பக்கத்து இடம் காலி. நின்றுகொண்டு வந்தவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள், எல்லோரும் ஆண்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கினார்களே தவிர ஒருவரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பக்கத்தில் ஆண் உட்காரக் கூடாது என்பது நம் பேருந்துகளில் எழுதாத சட்டம். அதை மரியாதை என்பதா, பிறர் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் என்பதா என்று நான் ஆராயப் போவதில்லை. தனியாக வரும் பெண்ணுக்குப் பொது இடத்தில் கிடைக்கும் ஒரே கூடுதல் இடம் அது; அதையும் ரெட்டிச்சாவடியில் ஏறிய ஒரு தம்பதிக்காக நடத்துநர் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஜோடியா ஒக்காரட்டும்மா, நீங்க ஒருத்தர்தான, முன்னாடி அந்த அக்கா பக்கத்துல போங்க" என்றார். அக்கா ஜன்னலோரம் கொஞ்சம் நகர்ந்து, மடியில் இருந்த கீரைக் கட்டைக் காலடிக்கு மாற்றி, எனக்கு வேண்டிய அளவுக்குச் சரியாக இடம் விட்டார். அதற்குப் பின் அரியாங்குப்பம் வரை என் பேரில், வேலையில், சம்பளத்தில், வீட்டாரில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஓட்டுநரின் பாட்டுப் பெட்டிக்கு மேலே குரலை உயர்த்தித்தான் இத்தனையும் கேட்டார் என்பதால் பேருந்து முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

மாலையில் கடற்கரைச் சாலை. ஆறு மணிக்குத் தடுப்புகளை வைத்து வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள்; மறுநாள் காலை ஏழரை மணி வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்கு மட்டுமே. தடுப்பின் அருகே சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் நின்றார். சுற்றிலும் எட்டுத் தூண்கள் நிற்க நடுவில் இருக்கும் காந்தி சிலையைச் சுற்றிக் குழந்தைகள் ஓடிப்பிடித்தார்கள். கடலைப் பார்த்த கட்டைச்சுவர் நெடுகிலும் ஆட்கள். சற்றுநேரம் நடந்து பார்த்ததில் அந்த வரிசைக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது: ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். புதிதாக வருகிற குடும்பம் அந்த இடைவெளியில் நுழைவதில்லை; பெரிய காலியிடம் தேடி மேலும் நடக்கிறது. காதலர்களுக்கு இடைவெளி இன்னும் அதிகம். அங்கே ஒதுங்குவது மரியாதையால் மட்டுமன்று, பார்க்காதது போலிருந்து பார்ப்பதற்கும் கொஞ்சம் தூரம் வேண்டும்.

ஒற்றை ஆளுக்கு அந்த இடைவெளிதான் இடம். உட்கார்ந்தேன். இடப்பக்கத்தில் சேலத்துக் குடும்பம், வலப்பக்கத்தில் கல்லூரிப் பெண்கள். மல்லாட்டை விற்பவர் வந்தார். வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்கிறார்கள், கூம்பு இருபது ரூபாய், வறுத்த மணலின் சூடு இன்னும் இருந்தது. சேலத்துக் குடும்பம் எனக்கு முன்னால் கைநீட்டி அவரிடம் பணம் கொடுத்து, எனக்கு முன்னாலேயே பொட்டலங்களைக் கைமாற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கல்லூரிப் பெண்களில் ஒருத்தி, "அக்கா, போட்டோல நீங்க வர்றீங்க, லேசாத் தள்ளிக்கிறீங்களா?" என்றாள். தள்ளிக்கொண்டேன். அப்போதே இன்னும் கொஞ்சம் தள்ளி, வெளிநாட்டு மூதாட்டி ஒருவரை மூன்று இளைஞர்கள் தற்படத்துக்காகச் சூழ்ந்திருந்தார்கள். அவர் சிரித்தபடியே வேண்டாம் என்று கையை அசைத்தார். அசைத்த கையோடு சேர்த்தே படமெடுத்துக்கொண்டார்கள். அவரும் தனியாக வந்தவர்தான். பத்தடி தூரத்தில் நாலைந்து வெளிநாட்டவர் கூட்டமாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அவர்களை யாரும் அணுகவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு: புதுச்சேரி

ஞாயிறுதோறும் காந்தி வீதி நெடுக நடைபாதைச் சந்தை கூடுகிறது. சண்டே மார்க்கெட் என்றால் ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்பதில்லை. தார்ப்பாய் விரித்து ஜீன்ஸ், நைட்டி, எவர்சில்வர், செருப்பு, பழைய புத்தகம், போன் உறை என்று எல்லாம் குவித்திருக்கிறார்கள். ஒரு தார்ப்பாய்க்கும் அடுத்ததற்கும் நடுவே கல்லோ கோடோ கிடையாது. நன்றாகக் கவனித்தால் சில இடங்களில் ஒரு செங்கல் தெரியும், அவ்வளவுதான். இந்த நெரிசலில் ஓரிடத்தில் மட்டும் ஆறடி நீளத்துக்குத் தரை வெறுமையாக இருந்தது. இரண்டு மூட்டைத் துணியோடு வந்த ஒருவர் அங்கே விரிக்கப் போனபோது பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் நிமிராமலே, "அது பொம்மக் கடை அம்மா எடம்பா" என்றார். "இன்னிக்கு வரலியே?" "பொண்ணுக்குப் பிரசவம். அடுத்த வாரம் வருவாங்க." வந்தவர் மறுபேச்சு இல்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஆண்டின் கடைசி ஞாயிறு. அந்த ஆறடித் தரையில் கடை விரித்தால் அன்றைக்கு எவ்வளவு விற்கும் என்பது செருப்புக் கடைக்காரருக்குத் தெரியாதா? அவருடைய செருப்புகள் அடுக்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு ஜோடிகூட அந்தப் பக்கம் தாண்டி வைக்கப்படவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் போன மெஸ்ஸில் இதற்கு நேர்மாறு. சாப்பாடு நூற்று ஐம்பது, இறால் தொக்கு தனியாக நூற்று இருபது. இடம் பிடிக்கும் முறையை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது: யார் முடிக்கும் தறுவாயில் இருக்கிறார் என்று இலைகளைப் பார்த்துக்கொண்டே நடந்து, மோர் கட்டத்தில் இருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். நான்கு பேர் மேசையில் மூன்று பேர் குடும்பம் ஒன்றும் நானும். நாங்கள் நால்வரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே கட்டத்தில்தான் இருந்தோம். இருந்தாலும் காத்திருந்தவர் என் நாற்காலியின் முதுகைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். ரசத்தில் ஆரம்பித்து அவருடைய பெருமூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. ரசம் ஊற்றிய தம்பி நிலைமையைப் புரிந்துகொண்டு நான் கேட்காமலேயே மோரையும் கொண்டுவந்துவிட்டார். "ஆச்சுங்களா?" என்றார் பின்னால் நின்றவர். எனக்கு இன்னும் ஒரு கை சோறு வேண்டியிருந்தது. எதிரில் இருந்த குடும்பத் தலைவர், "அவங்க சாப்பிடட்டும் சார், நாங்க எந்திரிக்கிறோம்" என்று சொன்ன பிறகுதான் நாற்காலியிலிருந்து அந்தக் கை விலகியது. குடும்பம் எனக்காகப் பேசியது நல்ல குணம். பேச ஒரு குடும்பம் தேவைப்பட்டது என்பதுதான் விஷயம்.

மூன்று மணிக்குமேல் வைசியாள் வீதியில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று வலுத்த மழை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் வெள்ளையர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே எல்லையாக இருந்த பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது இந்த வீதி. பழைய தமிழ் வீடுகளின் முகப்புகள் வரிசையாகப் புதுப்பிக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றுத் தந்த வீதி. இங்கே பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வாசல்தளங்கள்: தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதற்கு உள்ளே சற்று உயரத்தில் திண்ணை, அதன் பிறகுதான் கதவு. தாழ்வாரம் வீட்டுக்காரர் கட்டியது, ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிற யாருக்கும் உரியது. திண்ணை அழைத்தால் மட்டும் ஏறும் இடம். தெருவிலிருந்து வீட்டுக்குள் போகும் இந்தப் படிநிலையைக் கட்டடமாகவே கட்டிவைத்திருக்கிறார்கள்.

நான் ஒதுங்கிய தாழ்வாரத்தில் பதினைந்து பேராவது சேர்ந்துவிட்டோம். முதுகில் பெரிய சதுரப் பையோடு உணவு கொண்டுபோகும் இரண்டு பையன்கள், பெங்களூருத் தம்பதி, கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிச் சிறுமிகள், காய்கறிக் கூடையோடு ஒரு பாட்டி. முதலில் பையன்கள் முதுகுப் பையைக் கழற்றி இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. சாரல் அடிக்கும் பக்கம் ஆண்கள் போனார்கள், யாரும் சொல்லாமல். குழந்தைக்காரி சுவரோரம் வந்தார். பெங்களூர்க்காரர் குடையை விரித்துச் சாரலுக்குத் தடுப்பாகச் சாய்த்துப் பிடித்தார். அது அவர் மனைவிக்கு மட்டுமல்லாமல் பக்கத்தில் நின்ற சிறுமிகளுக்கும் சேர்த்துத்தான். இத்தனை நெருக்கத்திலும் ஒருவர் கை ஒருவர்மேல் படவில்லை. போனில் வீடியோ பார்க்கத் தொடங்கிய ஒரு பையன் சத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டான். திண்ணை மூன்றடி தூரத்தில் காலியாக இருந்தது. அதில் ஏறி உட்காரலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கதவு பாதி திறந்து ஓர் ஐயா எட்டிப் பார்த்தார். "பாட்டி, திண்ணைல வந்து ஒக்காருங்க. கொழந்தையக் கொண்டாங்கம்மா" என்றார். பாட்டி முதலில் கூடையை ஏற்றிவிட்டுப் பிறகு தாம் ஏறினார். குழந்தைக்காரி, சிறுமிகள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்கம்மா, யாரு கூட வந்தீங்க?" என்றார். தனியாகத்தான் என்றேன். பாட்டி உடனே நகர்ந்து இடம் விட்டு, "ஏன் கண்ணு தனியா?" என்றார். அவர் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. கேட்டவர்தான் இடமும் விட்டார்.

இந்தத் தாழ்வாரத்தைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் ஒன்றைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் என்ற சொல்லுக்குள் அந்தக் காலத்தில் எல்லோரும் அடங்கவில்லை. யார் எந்தத் தெருவுக்குள் வரலாம், யார் எந்தத் திண்ணையை ஒட்டி நிற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த நாட்களில்தான் இந்த வீடுகள் எழுந்தன. வெள்ளையர் போட்ட வாய்க்கால் வரைபடத்தில் தெரிகிறது, நம்முடையது தெரிவதில்லை. அந்தக் காலத்திலேயே, 1867-இல், நேற்று நான் விட்டு வந்த கடலூர் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கி, பசியோடு வருகிறவர் யார் என்று கேளாமல் சோறு போடச் செய்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. கேளாமல் என்பதுதான் அதில் கடினமான பகுதி என்று மழை விடும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டி அதற்குள் என் பிள்ளைகளின் படிப்புவரை வந்திருந்தார்.

டிசம்பர் 29, திங்கள்: புதுச்சேரி

காலையில் அரவிந்தர் ஆசிரமம். அரவிந்தர் 1950-இலும், ஆசிரமத்தை வழிநடத்திய அன்னை 1973-இலும் மறைந்தார்கள். முற்றத்தில் பெரிய மரத்தின் அடியில் இருவருக்கும் ஒரே சமாதி. வாசலிலேயே போனை அணைக்கச் சொல்கிறார்கள். உள்ளே போனபின் பேச்சில்லை. சமாதியின் பளிங்கின்மீது பூக்களைக் கோலம்போல அடுக்கியிருந்தார்கள். ஒரு பெண் மண்டியிட்டு நெற்றியைப் பளிங்கில் வைத்தபடி இருந்தார். அவருக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். ஐந்து நிமிடம் போயிருக்கும், பத்து நிமிடமும் போயிருக்கும். ஒருவரும் தோளைத் தொடவில்லை, தொண்டையைச் செருமவில்லை. நேற்றைய மெஸ் நினைவுக்கு வந்தது.

அங்கே நான் கண்ட புதுமை வேறு. வாசல்வரை கூட்டமாக வந்த குடும்பங்கள் உள்ளே வந்ததும் தனித்தனி ஆட்களாகிவிடுகிறார்கள். கணவர் ஒரு தூணருகே, மனைவி இன்னொரு மூலையில், வளர்ந்த மகன் படிக்கட்டில். யார் யாரோடு வந்தார்கள் என்றே சொல்ல முடியாது. எனவே என்னையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஒழுக்கத்தைக் காப்பது பெருமளவு அங்கிருக்கும் தொண்டர்கள்தான். யாரேனும் வாய் திறந்தால் உதட்டில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள். தெருவுக்கு வந்து செருப்பை மாட்டியதும் பழையபடி ஆகிவிடுகிறது.

எவ்வளவு சீக்கிரம் ஆகிவிடுகிறது என்பதை அடுத்த தெருக்களிலேயே பார்க்கலாம். மஞ்சள் சுவரும் வெள்ளை விளிம்பும் காகிதப்பூக் கொடியுமாக இருக்கும் அந்த வீதிகளில் இப்போது நாள் முழுவதும் படப்பிடிப்பு. ஒரு வீட்டுப் படியில் பலகை வைத்திருந்தார்கள்: "இது மக்கள் வசிக்கும் வீடு. படியில் அமராதீர்கள்." பலகை இருந்த படியில் யாரும் அமரவில்லை. பலகை இல்லாத பக்கத்து வீட்டுப் படியில் மணப்பெண் கோலத்தில் ஒரு பெண்ணும் கோட்டு அணிந்த இளைஞரும் உட்கார்ந்திருந்தார்கள். புகைப்படக்காரர், வெள்ளித் தட்டுபோன்ற ஒளித்தகடு பிடிக்கும் உதவியாளர், மேக்கப் பெட்டியோடு ஒருவர், மணமக்களின் தோழர்கள் என்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வருகிற சைக்கிள்களும் நடப்பவர்களும் படம் எடுத்து முடியும்வரை இருபுறமும் காத்திருந்தார்கள். அந்த வகையில் மிகவும் கட்டுப்பாடான கூட்டம்.

அவர்கள் சாய்ந்திருந்த கதவு உள்ளிருந்து ஒரு சாண் திறந்தது. எழுபது வயதுக்குமேல் இருக்கும் ஒரு பெரியவர், கையில் துணிப்பையும் குடையுமாக நின்றார். கடைக்குக் கிளம்பியிருக்கிறார். மணமக்களின் முதுகைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். புகைப்படக்காரர் கையை உயர்த்தி, "ஒரே நிமிஷம் சார்" என்றார். பெரியவர் கதவை மறுபடி சாத்திக்கொண்டார். தம் வீட்டிலிருந்து வெளியே வர அவர் முறைக்குக் காத்திருந்தார். மூன்று நான்கு கோணங்கள் எடுத்து முடித்து, மணப்பெண் புடவையைத் திரட்டிக்கொண்டு எழுந்த பிறகு, உள்ளிருந்து மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பையை உதறிக்கொண்டு நடந்து போனார். இந்தப் பயணத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அப்போதுதான். வெளியூரிலிருந்து வந்து இரண்டு வார்த்தை பேச எனக்கு என்ன இருக்கிறது என்ற தயக்கத்தில் பேசாமல் நின்றேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

மாலை பெத்தாங்க் விளையாட்டைப் பார்க்கப் போனேன். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனவற்றில் ஊர்க்காரர்கள் உண்மையாகவே சொந்தமாக்கிக்கொண்டது ரொட்டிக்கு அடுத்தபடி இதுதான் என்று சொல்லலாம். மண்தரையில் சிறிய மரக்குண்டு ஒன்றை எறிந்துவிட்டு, ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் நின்று, இரும்புக் குண்டுகளை அதற்கு யார் மிக நெருக்கமாகப் போடுவது என்று ஆடுகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஒர்க்‌ஷாப் பையன்கள் எல்லோரும் ஒரே ஆட்டத்தில். எல்லைக்கோடு என் கண்ணுக்குப் படவில்லை. ஆனாலும் அந்தத் திடல் வழியாகக் குறுக்கே போகிற தெருக்காரர்கள் ஆட்டம் நடக்கும் இடத்தைப் பெரிய வளைவாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நாய்கூட அப்படியே போனது.

ஓரத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். ஒரு குண்டு வழிதவறி உருண்டு என் காலருகே வந்து நின்றது. இரண்டு பேர் அளவுநாடாவோடு வந்து குனிந்தார்கள். அவர்களில் மூத்தவர், "காலை மட்டும் அசைக்காதீங்கம்மா, அளந்துக்கிறோம்" என்றார். அளந்தார்கள். அரை விரற்கடை வித்தியாசத்துக்கு ஐந்து நிமிடம் வாதாடினார்கள். என் கால் இருந்த இடம் அந்த வாதத்துக்குள் ஒரு சாட்சியாகவே வந்துபோனது. முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் குண்டை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கிருந்து வருகிறேன், யாரோடு வந்தேன் என்ற கேள்வி வரவேயில்லை. இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 30, செவ்வாய்: கிளம்பும் நாள்

புத்தாண்டு நெருங்குவதால் இன்றிலிருந்து அறை வாடகை இரட்டிப்பு என்று விடுதியில் சொன்னார்கள். ஊருக்குள் வெளியூர் வண்டிகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு வந்தால் செலவு பாதியாகும், நெரிசலும் குறையும். வைசியாள் வீதியைக் காலையில் பாருங்கள். மார்கழிக் கோலங்கள் தாழ்வாரத்தைத் தாண்டித் தெருவில் பாதிவரை வந்திருக்கும், பால்காரரின் வண்டி அதை மிதிக்காமல் ஓரம் கட்டிப் போவதையும் பார்க்கலாம்.

கடற்கரையில் தனியாக உட்கார விரும்புகிறவர்கள் காலை ஐந்தரை மணிக்குப் போய்விடவேண்டும். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒற்றை ஆட்கள்; ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பதோடு சரி. சுக்குக் காப்பி பதினைந்து ரூபாய், விற்பவரும் சில்லறை கேட்பதைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. ஆறே காலுக்குச் சிரிப்பு யோகா செய்யும் குழுவினர் வந்துவிடுகிறார்கள். நான் உட்கார்ந்திருந்தது அவர்கள் வழக்கமாக நிற்கும் இடமாம். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிலும் வந்து நின்று சிரிக்கத் தொடங்கினார்கள். டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.